கட்டாமல் விட்ட ஒரு கிடுகு

1

மொன்றியலில் எங்கள் வீட்டு நடைச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. என் மகள் நத்தாலி எட்டு வயதில் மெழுகுக் கலரால் வரைந்தது. கடற்கரையில் ஒரு பெரிய கல்வீடு, நீலக் கதவு, முன்பக்கம் ஆறு யன்னல். கூரைக்கு மேலே பிரெஞ்சில் ‘அம்மாவின் வீடு’ என்று எழுதியிருக்கிறாள். அதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தங்கத் தாள் நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார்கள். பதின்மூன்று வருடமாகியும் அது விழவில்லை.

அந்த வீடு இலங்கையில், சிலாபத்தில் உண்மையாகவே இருக்கிறது. ஆறு யன்னலும் உண்மை. அம்மாவின் வீடு என்பதுதான் பொய். அது சம்மாட்டியின் வீடு. வலையும் படகும் அவருடையவை, என் அப்பா அவரிடம் வலை இழுத்தவர். பள்ளிக்கூடம் போவதற்காக நான் அந்த வீட்டுக் குசினியில் பாய் போட்டுப் படுத்தேன். அதற்கு ஈடாக அந்த ஆறு யன்னலையும் வாரத்துக்கு இரண்டு தரம் துடைத்தேன். எண்ணிக்கை பிசகாமல் மகளுக்குச் சொல்ல முடிந்தது அதனால்தான்.

என் கணவர் அன்ரனுக்கு உண்மை தெரியும். கலியாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நக்கல் அவருக்குச் சோறு மாதிரி. படத்தைக் கடக்கும்போதெல்லாம், “உன்ர மாளிகை யன்னலில தூசு பிடிச்சிருக்கு, துடையன்” என்பார். நான் முறைத்துவிட்டுப் போவேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாலி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விமானச் சீட்டு. மார்கழி விடுமுறைக்கு இலங்கை, தனியாக.

“அம்மா, உங்கட வீட்டைப் பாக்கப் போறன். அந்த ஆறு யன்னலுக்கும் முன்னால நிண்டு படம் எடுக்க வேணும்.”

அவளுக்கு இருபத்தொரு வயது. பதினாறில் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டவள். மூன்று வருடமாக ‘சாப்பிட்டியா’, ‘ஓம்’ என்பதற்கு மேல் எங்களுக்குள் கதை இல்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், அந்தப் பதிலும் கதவு சாத்தப்பட்ட அறைக்குள்ளிருந்து வரும். அப்படிப்பட்ட பிள்ளை என் ஊருக்குப் போகிறேன் என்கிறாள். சந்தோசப்பட வேண்டிய நேரம். ஆனால் சம்மாட்டியின் பேரப்பிள்ளைகள் கதவைத் திறந்து, ‘யாரு, நம்ம வீட்டுல யன்னல் துடைச்ச ஜசிந்தாவோட மகளா?’ என்று கேட்கப்போவது எனக்கு அப்போதே காதில் விழுந்தது.

“நல்லது மகள்” என்றேன். வேறென்ன சொல்வது?

2

பொய் சொல்லவேண்டும் என்று நான் தொடங்கவில்லை. ஒரு படிவம் தொடங்கிவைத்தது.

இங்கே வந்த புதிதில் எனக்கு இருபத்திநாலு வயது. ஓர் அலுவலகத்தில் நீளமான படிவம் ஒன்றைத் தந்தார்கள். கடந்த பத்து வருடம் எங்கெங்கே குடியிருந்தீர்கள், மாதம் வருடம் போட்டு இடைவெளி இல்லாமல் நிரப்பவும். அதற்குக் கீழே தனிப் பெட்டியில், நிரந்தர முகவரி.

புத்தளக் கரையில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மலைப்பக்கத்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தென்மேற்குக் காற்று ஓய்ந்ததும், ஐப்பசி அளவில், எங்கள் சனம் கற்பிட்டியில் படகேறி, வெளியே கடலுக்குள் கிடக்கும் பத்தலங்குண்டுத் தீவுக்குப் போகும். அங்கே மணலில் தடி நட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகால் வாடி என்கிற குடிசை போட்டு, சித்திரை வரைக்கும் மீன்பிடி. கடல் திரும்பக் கொந்தளிக்கும்போது வாடியைப் பிரித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். மிச்ச மாதங்கள் சிலாபக் கரையில் இன்னொரு கிடுகு வீடு. இரண்டுக்கும் இலக்கமில்லை, வீதியில்லை. ஒவ்வொரு வருடமும் வாடி நிற்கும் இடமும் பத்துப் பாகம், அதாவது அறுபது அடி, அங்கே இங்கே மாறும்.

மொழிபெயர்க்க வந்த தமிழ் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, இப்பிடிச் சொன்னால் வீடு வாசல் இல்லாத ஆள் எண்டு எழுதிப்போடுவினம். உங்களுக்குக் காயிதம் எங்க வரும்?”

“சம்மாட்டி வீட்டுக்கு.”

“அப்ப அந்த விலாசத்தைச் சொல்லும்.”

சொன்னேன். அவர் பெட்டிக்குள் அழகாக எழுதினார். ஒரு கல்வீடு என் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. அதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன், சும்மா சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த படிவங்களில் எவரும் கேட்காமலே நானாக அதை எழுதினேன். பிறகு என் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, ‘அம்மா, உங்கட வீடு எப்படி இருக்கும்?’ என்று கலர்ப்பெட்டியோடு என் முன்னால் உட்கார்ந்தாள்.

3

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். காலை ஐந்துக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும். வெள்ளைக் கட்டில் விரிப்புகளை மடித்து மடித்துக் கை தானாகவே ஓடும், மனம் எங்கேயோ போய்விடும். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கப் பால்கனியில் ஒரு கதிரையைப் போட்டு, வெறுந்தேத்தண்ணியோடு அரைக்கண் மூடி இருப்பேன். தூரத்தில் பெருந்தெரு இரையும். அதைக் கடல் என்று நினைத்துக்கொள்வேன். ஒருத்தருக்கும் நட்டமில்லாத நினைப்பு.

கீழ்வீட்டில் மிரியம் குடும்பம். யூதர்கள், அனுட்டானம் தவறாதவர்கள், ஐந்து பிள்ளைகள். பதினொரு வருட அயல். இலையுதிர் காலத்தில், அவர்களுடைய புதுவருடமும் நோன்பும் முடிந்த கையோடு, பின்வளவில் ஒரு கொட்டில் எழும்பும். பலகையால் சுவர், மேலே மூங்கில், அதன்மேல் ஊசியிலைக் கொப்பு. ஒரு கிழமைக்கு மேலாக அதற்குள்தான் அவர்களுக்குச் சாப்பாடு. உண்மையைச் சொன்னால் பதினொரு வருடமும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சூடேற்றிய கல்வீடு இருக்க, கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு குடிசைக்குள் போய்க் குந்துவானேன்? இல்லாதவனுக்குத்தான் தெரியும் குடிசையின் அருமை என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு திரைச்சீலையை இழுத்துவிடுவேன்.

இந்த வருடம் திரைச்சீலையை இழுக்க முடியவில்லை. எங்கள் தமிழ்ச் செபக்குழுவை நடத்தும் பிலோமினா அக்கா போன் எடுத்தார்.

“ஜசிந்தா, இந்த மாதச் சிந்தனை உம்மட முறை. ஆண்டவர் கூடாரத் திருவிழாவுக்குப் போன பகுதி. பத்து நிமிசம் பேச வேணும். போன முறை மாதிரி சமையல் கதை சொல்லிச் சமாளிக்கப்படாது.”

மிரியம் வீட்டுக் கொட்டிலும் அதே திருவிழாவுக்குத்தான், அதனால் அதை ஒரு நோக்கத்தோடு பார்க்கத் தொடங்கினேன். மழை ஈரத்தில் அந்தக் கொப்புகளின் மணம் மேலே எழும்பி வரும். கண் செருகிய நிலையில் அது கிடுகின் மணமாக மாறும். பிறகு எல்லாமே மாறும். பின்வளவு வெள்ளை மணலாகும். வேலிக்கு அப்பால் நிற்கும் கார்கள் கரையேற்றிய படகுகளாகும். பத்தலங்குண்டு தன்பாட்டுக்கு வந்து என் காலடியில் நின்றுவிடும்.

அந்தத் தீவு சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். சோற்றில் மணல், கண்ணில் மொய்க்கும் இலையான், காயும் கருவாட்டின் வாடை தலைமயிர் வரைக்கும் ஏறும். குடிதண்ணீர் கற்பிட்டியிலிருந்து பிளாஸ்டிக் கானில் வரும். அம்மா அதைச் சிரட்டையால் அளந்துதான் ஊற்றுவார். கார்த்திகை மழைக்கு வாடி முழுக்க ஒழுகும். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனால் பக்கத்தில் இருக்கும் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கிலின் அடுத்த நுனிக்கு நகர்ந்துவிடும். அந்த வாடியை நான் வெறுத்தேன், அதுதான் உண்மை.

மற்றவர்கள் ஐப்பசியில் போவார்கள். நான் பள்ளித் தவணை முடிந்து மார்கழியில் கடைசிப் படகில் போவேன். அப்பாவுக்கு ஒரு பழக்கம். கூரை வேயும்போது கடலைப் பார்த்த பக்கத்தில் ஒரு கிடுகு அளவுக்கு இடம் விட்டுவிடுவார். யார் கடைசியாக வந்து சேருகிறாரோ அவர்தான் அதைக் கட்டவேண்டும். மழைநாளில் அதற்குள்ளால் கொட்டும்போது அம்மா கத்துவார்.

“ஒரு கிடுகுதானே, கட்டித் தொலைச்சா என்ன? பேசனும் கையுமா நான் அலையணுமா?”

“பெரியவள் இன்னும் வரல்லையே” என்பார் அப்பா. “வாற ஆளுக்கும் வாடியில ஒரு வேலை இருக்கணும். இல்லாட்டி விருந்தாளி மாதிரி ஆயிருவாங்க.”

நான் படகால் இறங்கியதும் பெட்டியைக்கூட வைக்கவிடமாட்டார். தோளில் ஏற்றிக் கூரைக்குத் தூக்குவார். நான் சிணுங்கிச் சிணுங்கிக் கட்டுவேன், சட்டையெல்லாம் கறையாகும். முடிச்சு சரியாக விழுந்தால், “ஆ, இப்பதான் வாடி” என்பார்.

நான் வெளிநாடு புறப்பட்டதும் ஓர் ஐப்பசியில்தான். அவர்கள் ஏற்கெனவே தீவுக்குப் போய்விட்டார்கள். அப்பா கற்பிட்டிக்கு வந்து ஒரு கடையில் நின்று கொழும்புக்குப் போன் எடுத்தார். “போயிட்டு வா மகள். கிடுகு இருக்கும்” என்றார். வேறு கதையே இல்லையா இந்த மனுசனுக்கு என்று எனக்குக் கோபம் வந்தது. அதன்பிறகு அவருடைய சாவுக்கு ஒருமுறை போனேன். அது ஆடி மாதம், தீவில் வாடி இல்லாத காலம். சிலாபத்தோடு திரும்பிவிட்டேன்.

4

மிரியம் வீட்டுத் திருவிழாவின் முதல்நாள் எனக்கு ஓய்வு. காலையிலிருந்து மழை. அவர்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பால்கனியில் நின்று பார்த்தேன். கொட்டிலின் கூரையில் கொப்புகளுக்கு இடையே கைப்பிடி கைப்பிடியாக இடைவெளி. உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை, கதிரைகள், எல்லாம் நனைந்துகொண்டிருந்தன.

வாடிக்காரன் மகளுக்கு இதைவிட ஒரு கேவலமான காட்சி இருக்க முடியாது. மாதாவே, பதினொரு வருடமாக இந்த மனுசருக்கு ஒரு கூரை போடத் தெரியவில்லையே என்று பதைத்துப்போனேன். அன்ரனின் நீலப் படங்கு, அதுதான் காரை மூடும் ரப்பர்த் துணி, கீழறையில் கிடந்தது. ஏணியையும் நைலோன் கயிற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கூரை முழுவதையும் படங்கால் மூடி, நாலு மூலையும் நடுவும் இழுத்து, வேலிக்கட்டையோடு பத்து இடத்தில் முடிச்சுப் போட்டேன். காற்று அடித்தால் கொட்டில் போகும், முடிச்சுப் போகாது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. உள்ளே போய்த் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, “ஆ, இப்பதான் வாடி” என்று என் வாயாலேயே சொன்னேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

மதியம் மழை விட்டது. அவர்கள் திரும்பி வந்தார்கள். நன்றி சொல்வார்கள் என்று நான் படியில் சிரித்த முகத்தோடு நிற்கிறேன். மிரியமின் கணவர் கூரையைப் பார்த்தார், பிறகு மிரியமைப் பார்த்தார், பிறகு இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருத்தரும் உள்ளே போகவில்லை.

“நீங்கள் மிகவும் அன்பானவர்” என்றார் அவர் கடைசியில், நல்ல பிரெஞ்சில், ஒரு சாவீட்டுக் குரலில்.

அவர்களுடைய ஏழு வயது மகள் ரிவ்காவுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. “மூடினால் இது எங்கள் கொட்டில் இல்லை. மேலே வானம் தெரியவேண்டும். மழை வந்தால் உள்ளே விழவேண்டும். இன்றைக்குப் புனிதநாள், முடிச்சு அவிழ்க்கவும் எங்களுக்கு அனுமதியில்லை. அப்பா உங்களிடம் கேட்கவும் மாட்டார்” என்று ஒரே மூச்சில் கொட்டினாள். மிரியம் அவள் வாயைப் பொத்தினாள்.

எனக்குக் காது சூடேறிவிட்டது. ஏணியில் ஏறி அவிழ்க்கப் பார்த்தால், நனைந்த நைலோனில் என் முடிச்சு எனக்கே வழிவிடவில்லை. நத்தாலியைக் கத்தியோடு கூப்பிட்டேன். அவள் வந்து, பத்து முடிச்சையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“அம்மா, இந்த முடிச்செல்லாம் எங்க பழகினீங்க?”

“ஊர்ல” என்றேன். அவள் அறுத்துத் தந்தாள், நான் படங்கைச் சுருட்டினேன். அதில் தேங்கியிருந்த தண்ணீர் என் தலையில் கொட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள், அதோடு எல்லோரும் சிரித்தார்கள். மிரியம் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தேன் போட்ட கேக் வைத்தாள்.

சரி, சிந்தனைக்கும் உதவும் என்று கேட்டேன். “ஏன் இந்தக் கொட்டில்?”

மிரியம் அவசரப்படாமல் சொன்னாள். “எங்கள் முன்னோர் எகிப்திலிருந்து வெளியேறி நாற்பது வருடம் பாலைநிலத்தில் கூடாரத்தில் இருந்தார்கள். பிறகு சொந்த நிலம், சொந்த வீடு. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறையும் நேரம்தான் மனிதன் பழசை மறக்கும் நேரம். அதனால் சரியாக அந்த நேரத்தில், வீட்டைவிட்டு வெளியே வந்து குடிசையில் இரு என்று கடவுள் சொன்னார். பிள்ளைகள், ஏன் என்று கேட்பார்கள். நாங்கள் இப்படித்தான் இருந்தோம் என்று சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் திருவிழா இல்லை.”

கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தேன்.

ரிவ்கா நத்தாலியின் பக்கம் திரும்பி, “உங்கள் ஆட்களும் குடிசையில் இருந்தார்களா?” என்று கேட்டாள்.

“இல்லை” என்றாள் என் மகள். முகம் மலர்ந்திருந்தது. அந்த மலர்ச்சியை நான் பார்த்து எத்தனையோ நாள். “எங்களுக்குக் கடற்கரையில் பெரிய வீடு. ஆறு யன்னல். மார்கழியில் பார்க்கப் போகிறேன்.”

கொப்புகளுக்கிடையால் ஒரு துளி என் கையில் விழுந்தது. மூடியிருந்தால் விழுந்திராது.

“இல்ல” என்றேன். பிரெஞ்சில்தான் சொன்னேன், அந்த ஓட்டைப் பிரெஞ்சில், எல்லோருக்கும் முன்னால். “அந்த வீடு எங்கட இல்ல. நான் அதில யன்னல் துடைச்சனான். எங்களுக்கு இருந்தது குடிசைதான். இதைவிடச் சின்னது.”

நத்தாலி என்னைப் பார்த்தபடியே இருந்தாள்.

“பொய்யா?” என்று தமிழில் கேட்டாள். “நான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். பள்ளிக்கூடத்தில. இப்ப வேலையில. எல்லாருக்கும்.”

கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். மேலே எங்கள் வீட்டுக் கதவு அறைந்து சாத்தப்பட்டது கொட்டிலுக்குள் தெளிவாகக் கேட்டது. நான் போனபோது நடைச் சுவரில் படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது.

5

நாலு நாள் பேசவில்லை. அன்ரன் சாப்பாட்டு மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து உப்பையும் சோற்றையும் கைமாற்றினார். “உண்மையைச் சொல்லவும் ஒரு நேரம் பார்த்தாயே, கோதாரி” என்றார் தனியாக என்னிடம். பிறகு, “பரவாயில்லை, சொல்லிப்போட்டாய்” என்றார்.

சனிக்கிழமை செபக்கூட்டம். அன்ரனுக்கு வேலை என்பதால் நத்தாலிதான் காரில் கொண்டுபோய் விட்டாள். வழியெல்லாம் வானொலி. நான் இறங்கினேன். அவள் காரிலேயே இருப்பாள் என்று நினைத்தேன். குளிருக்கோ என்னவோ, உள்ளே வந்து கோட்டுகள் தொங்கும் பக்கத்தில் கடைசிக் கதிரையில் போனோடு உட்கார்ந்தாள்.

எழுதிக்கொண்டு போன தாளைக் கையில் பிடித்தேன். வாசிக்கவில்லை. என்ன பேசினேன் என்பதை நினைவில் உள்ளபடி இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் பேதுருவைப் பெரிய பாறை என்கிறோம். அவர் ஒரு மீன்பிடிகாரர். மலையில் ஆண்டவருடைய முகம் ஒளிவிட்டபோது அவர் வாயில் முதலில் வந்தது என்ன? இங்கேயே மூன்று கூடாரம் போடுவோம் என்பதுதான். பாவம், மனுசனுக்கு வேறென்ன தெரியும்? நல்ல மீன்பாடு கண்டால் உடனே வாடி போடத்தான் தெரியும். என் அப்பாவும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆண்டவர் ஏசவில்லை. ஆனால் அங்கே தங்கவும் இல்லை, இறங்கிவந்தார்.

வார்த்தை மனிதராகி நம்மிடையே குடிகொண்டார் என்று செபிக்கிறோம். மூலமொழியில் அது கூடாரம் அடித்துத் தங்கினார் என்ற பொருளில் வருகிறதாம், ஒரு குருவானவர் பிரசங்கத்தில் சொன்னார். அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை. இந்தக் கிழமைதான் ஏறியது. கடவுள் நம் நடுவில் மாளிகை கட்டவில்லை, வாடி போட்டார். தலைசாய்க்க இடமில்லை என்று தானே சொன்னார். அவரிடம் நிரந்தர முகவரி கேட்டிருந்தால் அவரும் பெட்டியை வெறுமையாகத்தான் விட்டிருப்பார். நான்தான் வெட்கப்பட்டு, அடுத்தவன் வீட்டை எழுதினேன்.

அந்தக் கூடாரத் திருவிழாவில் யூதக் குரு தினமும் குளத்துத் தண்ணீரை அள்ளிவந்து பீடத்தில் ஊற்றுவாராம். எங்கள் அம்மா பார்த்திருந்தால் ஏசியிருப்பார், பத்தலங்குண்டில் ஒரு சிரட்டைத் தண்ணீர் கொட்டினால் எங்களுக்கு அடி விழும். மழை தா என்று கேட்டுத்தான் ஊற்றினார்களாம், இருப்பதைக் கவிழ்த்துவிட்டுக் கேட்பது. அந்தத் திருவிழாவின் கடைசிநாளில் ஆண்டவர் எழுந்து நின்று, தாகமாயிருக்கிறவன் என்னிடம் வரட்டும் என்று சத்தமாகச் சொன்னார். மேலே ஓட்டையே இல்லாமல் இறுக்கிக் கட்டின கூரைக்குள் இருப்பவனுக்கு அவர் எந்த வழியால் தண்ணீர் கொடுப்பார்? நான் இருபத்திநாலு வருடம் படங்கு போட்டு மூடிக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்கும் சேர்த்து மூடிவிட்டேன்.

இன்னொன்று. ஆண்டவருடைய சகோதரர்கள் முதலில் திருவிழாவுக்குப் போனார்கள். அவர் போகவில்லை என்று சொல்லிவிட்டு, பிறகு தனியாக, ஒருவருக்கும் தெரியாமல் பிந்திப் போனார். கடைசிப் படகில் வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா கடைசியாக வருகிற ஆளுக்கு ஒரு கிடுகைக் கட்டாமல் விடுவார். எருசலேமில் ஏதோ ஒரு கொட்டிலில் அவருக்கும் அப்படி ஒரு இடம் விட்டிருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஆசை.

அதோடு அழுகை வந்துவிட்டது, முடித்துவிட்டேன். பிலோமினா அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பதினாலு நிமிசம்” என்றார்.

காரில் ஏறினோம். வானொலி போடவில்லை. இரண்டு சந்தி தாண்டியபிறகு நத்தாலி கேட்டாள்.

“கற்பிட்டியில இருந்து படகு எத்தனை மணிக்கு?”

“எங்கே போறதுக்கு?”

“பத்தலங்குண்டுக்கு. ஜூட் மாமா இப்பவும் அங்கதானே போறவர்?”

ஜூட் என் தம்பி. ஓம் என்றேன். அடுத்தநாள் வேலையால் வந்தபோது படம் திரும்ப ஆணியில் இருந்தது. ‘அம்மாவின் வீடு’ என்பதைக் கோடு போட்டு வெட்டி, கீழே ‘அம்மா துடைத்த யன்னல்கள்’ என்று எழுதியிருந்தாள். நட்சத்திரத்தைத் தொடவில்லை.

6

மார்கழியில் போனாள். தீவில் போன் பிடிப்பது அவர்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மூன்றாம் நாள் எங்களுக்குக் காலை விடிந்து வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. அங்கே பின்னேரம். படம் உடைந்து உடைந்து வந்தது. வெள்ளை மணல், ஒரு நாய், யாரோ உரிமையோடு நடுவில் வந்து, “ஜசிந்தா மாமி, மகள் நல்லா மீன் தின்னுறா” என்று கத்திவிட்டுப் போனார்கள். மகளின் முகம் வெயிலில் கறுத்திருந்தது. தலைமயிர் கருவாடு மணக்கிறது என்று முறைப்பாடு செய்தாள், ஆனால் சிரித்துக்கொண்டு.

“அம்மா, மேலே பாருங்கோ.”

போனை உயர்த்தினாள். வாடியின் உட்கூரை. பழுப்புக் கிடுகு வரிசை வரிசையாக. கடல் பக்கத்தில் ஒரு கிடுகு அளவுக்கு வானம்.

ஜூட் முகத்தை உள்ளே நீட்டினான். நரைத்துவிட்டான்.

“அக்கா, இது அப்பா சொன்னதுதான். நீ வராம கட்டக்கூடாதுன்னு. அவர் போன பிறகும் நான் மாத்தல்ல. இருபத்திநாலு வருசமா அதுக்குக் கீழ பேசன் வெச்சுத்தான் படுக்குறோம். என் பொஞ்சாதி ஏசாத மழை இல்ல.”

போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

“இப்ப உன் மகள் வந்துட்டா. கடைசியா வந்த ஆள் அவதான். கிடுகை எடுத்துக் கையில குடுத்தேன், தோளுல ஏறச் சொன்னேன். மாட்டேங்குறா அக்கா. நீயே கேளு.”

நத்தாலி போனை வாங்கினாள்.

“நான் கடைசி ஆள் இல்லை” என்றாள். “கிடுகு இருக்கும், அம்மா.”

தாத்தாவின் அந்தச் சொல்லை யார் அவளுக்குச் சொன்னார்களோ தெரியாது. நான் செபக்கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை. அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. நான் குசினி மேசையில் தலையை வைத்து அழுதேன், அன்ரன் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார், நக்கலடிக்கவில்லை.

திங்கட்கிழமை வேலையிடத்தில் விடுமுறை விண்ணப்பம் கேட்டேன். மாசி மாதம், மூன்று கிழமை. வாடி பிரிக்க முன்பு போய்ச் சேரவேண்டும். படிவத்தில் ஒரு பெட்டி, விடுமுறையில் தங்கும் முகவரி. எழுதிக் கொடுத்தேன். அலுவலகப் பெண் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தாள்.

“வாடி, பத்தலங்குண்டு. வீட்டு இலக்கம்?”

“இல்லை.”

“வீதி?”

“இல்லை.”

“அப்படியானால் அவசரத்துக்கு உங்களை அங்கே எப்படிக் கண்டுபிடிப்பது?”

“லேசு” என்றேன். “கூரையில் ஓட்டை உள்ளது எங்கள் வாடி. நான் போய்க் கட்டும்வரைக்கும்.”